ஹெட்செட் இருக்கட்டும், முதலில் வீட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினியில் விளையாடுவதற்கான வி.ஆர். ஹெட்செட்டுகளை (தலையில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகத்துக்குள் போய் விளையாடும் கருவிகளை) ஒப்பிட்டு உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் உழைத்திருக்கிறார், மறுக்கவில்லை. எதில் எத்தனை பிக்சல், எது எவ்வளவு எடை, எதில் எத்தனை கேமரா என்று அட்டவணையே போட்டிருந்தார். ஆனால் அந்த அட்டவணையை நம்பி முதலிடம் பிடித்ததை வாங்கி வந்து மாட்டுகிற ஒருவர், அன்று மாலையே தலைசுற்றிப் போய் சோபாவில் சாய்ந்துவிட்டால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஹெட்செட்டாக இருக்காது. கணினியின் பின்பக்கத் துளை, ரூட்டர் இருக்கும் இடம், அவருடைய கண், நிற்கிற அறை, இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும். கட்டுரை இவற்றையெல்லாம் "நல்ல கணினியும் நல்ல இணைய வசதியும் தேவை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது, அந்த வரியிலும் பாதி தப்பு. அதற்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் ஆரம்பிக்கிறேன். படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு ஏன் பலமாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் வாசகரே கணக்குப் போட்டுக்கொள்வார். சாதாரண முழு எச்டி மானிட்டரில் சுமார் 20 லட்சம் பிக்சல். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064-க்கு 2208, இரண்டு கண்ணுக்கும் சேர்த்தால் 91 லட்சம் வருகிறது, அதாவது ஒரு 4கே டிவியைவிட அதிகம். அதோடும் முடியவில்லை. லென்ஸ் படத்தை வளைத்துக் காட்டும் என்பதால் மென்பொருள் அதை எதிர்ப்பக்கமாக வளைத்து அனுப்புகிறது, அப்படி வளைக்கும்போது நடுப்பகுதியில் கூர்மை போய்விடாமல் இருக்க, திரையில் உள்ளதைவிடப் பெரிய படமாகவே முதலில் வரைய வேண்டியிருக்கிறது. இத்தனையையும் நொடிக்கு 90 தடவை. ஒரு படத்துக்கு 11 மில்லிநொடிதான் அவகாசம். மானிட்டரில் விளையாடும்போது படம் கொஞ்சம் திக்கினால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். தலையில் மாட்டியிருக்கும்போது திக்கினால் வயிற்றைப் புரட்டும்.

கார்டு தடுமாறும்போது மென்பொருள் ஒரு சமாளிப்பு செய்யும், அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 90 படம் தர முடியவில்லை என்றால் 45 படத்தை மட்டும் நிஜமாக வரைந்து, இடையில் வருபவற்றை அதுவே ஊகித்துப் போட்டுக்கொள்ளும். ஓடாமல் நிற்பதற்கு இது பரவாயில்லைதான், ஆனால் கையை வேகமாக வீசிப் பாருங்கள், விரல்களைச் சுற்றி மெல்லிய நிழல்போல இன்னொரு கை தெரியும், விமானத்தின் உள்ளே உட்கார்ந்திருந்தால் ஜன்னல் விளிம்பு லேசாக நெளியும். நிறையப் பேர் இதை லென்ஸ் கோளாறு என்று நினைத்து ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கணினியில் வி.ஆர். விளையாட்டுகளை ஓட்டும் ஸ்டீம்விஆர் மென்பொருளின் அமைப்புகளில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாகப் படத்தின் அளவைக் குறைக்கலாம், விளையாட்டுக்குள் போய் நிழல்களின் தரத்தைக் குறைக்கலாம், குவெஸ்டில் 90-க்குப் பதில் 72 அல்லது 80 என்று வைத்துக்கொள்ளலாம். சீராக ஓடும் 72, தடுக்கித் தடுக்கி ஓடும் 90-ஐவிட எவ்வளவோ மேல். அதனால் இருப்பதிலேயே பெரிய கார்டு வாங்கினால்தான் ஆச்சு என்று யாரும் பயப்பட வேண்டாம். 2020-ல் வால்வ் நிறுவனம் ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் விளையாட்டை வெளியிட்டபோது குறைந்தபட்சத் தேவையாகச் சொன்னது ஜிடிஎக்ஸ் 1060-ஐத்தான், அது அப்போதே நடுத்தரக் கார்டு. நன்றாக எழுதப்பட்ட விளையாட்டு என்றால் சுமாரான கார்டிலும் ஓடும், விமானம் ஓட்டும் விளையாட்டுகள் மட்டும் எந்தக் கார்டைக் கொடுத்தாலும் தின்றுவிடும்.

அப்புறம் கணினியின் பின்பக்கம். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டிய இடம் இது. வால்வ் இண்டெக்ஸ் போன்ற ஹெட்செட்டுகள் நேராக டிஸ்ப்ளேபோர்ட் என்ற படத் துளையில் செருகப்படுபவை, எச்டிஎம்ஐ துளை மட்டும் இருந்தால் ஒரு அடாப்டர் போட்டுச் சமாளித்துவிடலாம் என்று நினைப்பது வேலைக்கு ஆகாது. பிளேஸ்டேஷன் விஆர்2-வைக் கணினியில் இணைக்க 2024-ல் ஒரு அடாப்டர் வந்தது, நல்ல விஷயம், ஆனால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும், கையில் பிடிக்கும் கண்ட்ரோலர்களுக்குக் கணினியில் புளூடூத் இருக்க வேண்டும், பிளேஸ்டேஷனில் கிடைக்கும் கண் அசைவைக் கண்காணிக்கும் வசதியும் ஹெட்செட்டின் அதிர்வும் கணினியில் வராது. உங்கள் அட்டவணையில் அந்த ஹெட்செட்டின் எல்லாச் சிறப்புகளும் இருந்தன, இந்த விவரம் இல்லை.

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உள்ளே நல்ல கார்டு இருக்கும், ஆனால் வெளியே தெரியும் துளை அந்தக் கார்டோடு இணைக்கப்படாமல் செயலியோடு இருக்கும் சாதாரண கிராபிக்ஸோடு இணைக்கப்பட்டிருக்கும். டிஸ்ப்ளேபோர்ட் கேட்கும் ஹெட்செட்டை அதில் செருகினால் ஒன்றும் வராது. இது பெட்டியில் எழுதியிருக்காது, அந்த மாடலின் கையேட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும். குவெஸ்ட் மாதிரி யுஎஸ்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ படத்தை வாங்கிக்கொள்ளும் ஹெட்செட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அதற்கு வருவது சுருக்கப்பட்ட வீடியோ. மடிக்கணினிக்காரர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

வைஃபை பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. கேபிள் இல்லாமல் விளையாட "நல்ல இணைய வசதி" தேவை என்று கட்டுரையின் அந்த ஒரு வரியில் இருந்ததே, அதுதான் தப்பான பாதி. சத்தியமாகத் தேவையில்லை. ஹெட்செட்டைப் பதிவு செய்யவும் விளையாட்டைப் பதிவிறக்கவும் இணையம் வேண்டும், அதற்கு மேல் அந்தப் படம் வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை. கணினியிலிருந்து ரூட்டருக்கு, ரூட்டரிலிருந்து தலைக்கு, அவ்வளவுதான் பயணம். என் அக்கா மகன் இதே குழப்பத்தில்தான் இருந்தான். அவன் விளையாடும்போது பச்சைப் புல்வெளியெல்லாம் கரைத்து ஊற்றியதுபோலக் கலங்கும், கதவைச் சாத்தினால் இன்னும் மோசமாகும், தலையைத் திருப்பினால் ஓரத்தில் கறுப்புப் பட்டை ஒன்று தாமதமாக இழுபட்டு வரும். "மாமா, நெட் ஸ்பீடு போதலை போல, பெரிய பிளானுக்கு மாத்திடலாமா?" என்று கேட்டான். போய்ப் பார்த்தால் ரூட்டர் கூடத்தில், கணினி அறைக்குள், அந்தக் கணினியும் வைஃபையில். அதாவது ஒவ்வொரு படமும் கணினியிலிருந்து காற்றில் கூடத்துக்குப் போய், அங்கிருந்து மறுபடி காற்றில் அறைக்கு வந்துகொண்டிருக்கிறது. ஒரே சாலையில் போகவும் வரவும் நெரிசல், நடுவில் ஒரு சுவர் வேறு.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கணினியை லேன் கேபிளால் ரூட்டரோடு கட்டிவிட வேண்டும். ரூட்டர் விளையாடுகிற அறையிலேயே, ஆள் நிற்கும் இடத்திலிருந்து நேராகப் பார்வையில் படும்படி இருக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தனியாக ஒரு பெயர் வைத்து ஹெட்செட்டை மட்டும் அதில் விட்டு, வீட்டில் உள்ள ஃபோன், டிவி எல்லாவற்றையும் 2.4-க்குத் தள்ளிவிட்டால் நல்லது. ரூட்டரை அறைக்குக் கொண்டுவர முடியாதவர்கள் இன்னொரு சாதாரண ரூட்டரை இதற்கென்றே அறையில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு இணைய இணைப்பே இல்லாவிட்டாலும் படம் போகும். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: பழைய, மலிவான ரூட்டர்களில் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வேகத்தோடு நின்றுவிடும், வி.ஆர். படத்துக்கு அதைவிட அதிகம் தேவைப்படலாம், ஆகவே கிகாபிட் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். குவெஸ்ட் 3-ல் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் உண்டு. பக்கத்து வீட்டு வைஃபைகள் ஏகத்துக்கும் குறுக்கிடும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அது பெரிய நிம்மதி, ஆனால் சுவரைத் தாண்டி அவ்வளவாகப் போகாது. அக்கா மகன் வீட்டில் நாங்கள் செய்தது லேன் கேபிளும் இடமாற்றமும்தான், பிளான் பழையதுதான், புல்வெளியில் இப்போது புல் தனித்தனியாகத் தெரிகிறது.

கணினிப் படத்தை வைஃபை வழியாக ஹெட்செட்டுக்கு அனுப்பும் மென்பொருளில் ஸ்டீம் லிங்க் இலவசம், 2023 கடைசியில் குவெஸ்டுக்கு வந்தது, முதலில் அதை முயன்று பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கும் வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் நுணுக்கமான அமைப்புகள் அதிகம், எங்கே தாமதம் ஆகிறது என்பதைக் கணினி, நெட்வொர்க், ஹெட்செட் என்று பிரித்துத் திரையிலேயே எண்ணாகக் காட்டும், அந்த ஒன்றுக்காகவே எனக்குப் பிடிக்கும். உட்கார்ந்து கார், விமானம் ஓட்டுபவர்களுக்குக் கேபிள் போதும், யுஎஸ்பி 3 துளையில் செருகினால் சரி. கேபிள் வழியாக வரும் மின்சாரம் விளையாடும்போது செலவாகும் அளவுக்கு ஈடுகொடுக்காமல் பேட்டரி மெதுவாக இறங்கிக்கொண்டே போகலாம், பழுதென்று பதற வேண்டாம்.

சரி, எல்லாம் கட்டியாயிற்று, தலையில் மாட்ட வேண்டும். இதை எப்படி மாட்டுவது என்று ஒரு பத்தி எழுதியிருக்கக் கூடாதா? முகத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு பட்டையை இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது, அப்போது எடை முழுக்கக் கன்னத்தில் இறங்கும், கழற்றும்போது கண்ணைச் சுற்றிச் சிவந்த வளையம் இருக்கும். பின்பக்கப் பட்டை பிடரியில், மண்டை ஓடு உள்ளே வளைகிற இடத்துக்குக் கீழே உட்கார வேண்டும். உச்சிப் பட்டைதான் எடையைத் தாங்க வேண்டும், அதைக் கொஞ்சம் இறுக்கினாலே முன்பக்கம் கன்னத்திலிருந்து தூக்கிக்கொள்ளும். பிறகு ஏதாவது ஒரு சின்ன எழுத்தைப் பார்த்துக்கொண்டே ஹெட்செட்டை மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள், ஓரிடத்தில் சட்டென்று தெளிவாகும், அங்கே நிறுத்துங்கள். குவெஸ்ட் 2 மாதிரி பழைய வகை லென்ஸ் உள்ளவற்றில் அந்த இடம் மிகக் குறுகலானது, அரை விரல் தள்ளினாலும் எழுத்து மங்கும். குவெஸ்ட் 3-ன் லென்ஸில் இந்தப் பாடு குறைவு.

அடுத்து, இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம். இது ஆளுக்கு ஆள் மாறும், பெரியவர்களில் சராசரி 63 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கண்ணாடிக் கடையில் கொடுக்கும் சீட்டில் பல சமயம் எழுதியிருப்பார்கள், இல்லாவிட்டால் நிலைக்கண்ணாடி முன்னால் அளவுகோலைப் புருவத்துக்குக் கீழே வைத்து ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். குவெஸ்ட் 2-லும் 3எஸ்-லும் 58, 63, 68 என்று மூன்று நிலைகள்தான், 3-ல் சக்கரத்தைச் சுழற்றி 58-இலிருந்து 71 வரை வைக்கலாம். ஹெட்செட்டை வீட்டில் நாலு பேர் மாற்றி மாற்றிப் போடும்போது யாரும் இதைத் திருத்துவதில்லை, கண் வலிக்கிறது என்று மட்டும் சொல்வார்கள். கண்கள் நெருக்கமாக உள்ள சிறுபிள்ளைகளுக்கு 58 என்பதே அகலம். பிள்ளைகள் என்றதும் ஞாபகம் வருகிறது, வயது வரம்பு என்று ஒன்று உண்டு, கட்டுரையில் அந்தப் பேச்சே இல்லை. மெட்டா 10 வயதுக்குக் கீழே கூடாது என்கிறது, 10 முதல் 12 வரை பெற்றோர் கட்டுப்பாட்டில் உள்ள கணக்கு வேண்டும். பிளேஸ்டேஷன் விஆர்2-வுக்கு 12 வயது.

கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். திரை கண்ணுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, தூரத்தில் உள்ளதைப் பார்ப்பதற்கான கண்ணாடி எதற்கு என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். லென்ஸ் அந்தத் திரையை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி இருப்பதுபோலத்தான் கண்ணுக்குக் காட்டுகிறது, அதனால் கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியோடுதான் மாட்ட வேண்டும், படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. கண்ணாடியின் விளிம்பு ஹெட்செட் லென்ஸில் உரசிக் கீறிவிடும், கீறல் விழுந்தால் போனது போனதுதான், ஆகவே முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே இடம் விடும் இடைவெளி வளையத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும், அல்லது உங்கள் பவருக்கே செய்து தரும் உள்லென்ஸ்களை வாங்கிக்கொள்ளலாம்.

தலைசுற்றலுக்கு வருகிறேன். கண் "நடக்கிறோம்" என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "நிற்கிறோம்" என்கிறது, மூளை குழம்புகிறது. படம் தாமதமானால் இது இன்னும் கூடும். ஆரம்பத்தில் உங்கள் காலால் நடந்து, கையால் எடுத்து விளையாடும் விளையாட்டுகளாகப் பாருங்கள், தூரம் போக வேண்டிய இடத்தில் கண்ட்ரோலரின் குச்சியைத் தள்ளி வழுக்கிக்கொண்டு போகாமல் சட்டென்று அந்த இடத்துக்கே தாவும் முறையைத் தேர்ந்தெடுங்கள், திரும்புவதையும் சீராகச் சுழலாமல் வெட்டி வெட்டித் திரும்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு நேராக ஒரு மின்விசிறி இருந்தால் வியர்வைக்கும் நல்லது, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதும் தெரிந்துகொண்டே இருக்கும். லேசாகக் கழுத்து வியர்த்து எச்சில் ஊறினாலே கழற்றிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். அப்படித் தொடர்ந்தவர்களுக்கு அடுத்த நாள் ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது.

அறை பற்றிச் சுருக்கமாக. நின்று விளையாட 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலி இடம் வேண்டும். விளையாடும் இடத்துக்கு ஹெட்செட்டில் வரையும் எல்லைக்கோட்டைச் சுவரை ஒட்டி வரையாமல் ஒரு கை நீளம் உள்ளே தள்ளி வரையுங்கள், கோடு கண்ணில் படும்போது கை ஏற்கெனவே வீசியாகிவிட்டிருக்கும். மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிக்கொள்ளாமல் வீசினால் மானிட்டர் போகும், தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறி இருந்தால் விரல் போகும். கேமரா வைத்துத் தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும் ஹெட்செட்டுகளுக்கு வெளிச்சம் வேண்டும், இருட்டிலோ ஒன்றுமே மாட்டாத வெள்ளைச் சுவருக்கு நடுவிலோ தடுமாறும். அறையில் பெரிய நிலைக்கண்ணாடி இருந்தால் எல்லா வகைக்குமே குழப்பம்தான், ஒரு துணியைப் போட்டு மூடிவிடுங்கள்.

பழைய ஹெட்செட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்களுக்காகவும் உங்கள் பக்கத்தில் நாலு வரி வர வேண்டும். விண்டோஸ் மிக்ஸட் ரியாலிட்டி என்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருளை நம்பி ஓடும் ஹெட்செட்டுகள், எச்பி ரிவர்ப் ஜி2 உட்பட, காகிதத்தில் பார்த்தால் இன்றைக்கும் பிரமாதமாகத்தான் தெரியும், ஒரு கண்ணுக்கு 2160-க்கு 2160. ஆனால் அந்த மென்பொருளைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்தது, விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் அதை எடுத்தேவிட்டார்கள். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். இன்னொன்று, விளையாட்டைத் திறந்தால் மானிட்டரில் ஓடுகிறது, ஹெட்செட்டில் ஒன்றுமே வரவில்லை என்று புலம்புபவர்கள், ஓபன்எக்ஸ்ஆர் இயக்கமாக (விளையாட்டையும் ஹெட்செட்டையும் இணைக்கும் மென்பொருளாக) எது தேர்வாகியிருக்கிறது என்று பார்க்கலாம். மெட்டாவின் மென்பொருளும் ஸ்டீம்விஆரும் இரண்டுமே கணினியில் இருந்தால், எது கடைசியாகத் தன்னை முன்னிறுத்திக்கொண்டதோ அதன் பின்னால் விளையாட்டு போய்விடும். ஸ்டீம்விஆர் அமைப்புகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் மாறிவிடும்.

கட்டுரையோடு வந்த படத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலோர மேசையில் வெயில் விழ, லென்ஸ் மேலே பார்க்கும்படி ஹெட்செட்டை வைத்து எடுத்திருந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த லென்ஸ் சூரிய ஒளியைக் குவித்து உள்ளே இருக்கும் திரையில் கொண்டுபோய்ப் போடும், கொஞ்ச நேரத்திலேயே திரை கருகிவிடும், அந்தப் புள்ளி பிறகு எந்த விளையாட்டைப் போட்டாலும் கண் முன்னால் நிற்கும், அதற்கு உத்தரவாதமும் கிடைக்காது. புதிதாக வாங்குபவர் உங்கள் படத்தைப் பார்த்துத்தான் இதை எங்கே வைப்பது என்று கற்றுக்கொள்வார். அடுத்த கட்டுரைக்கு வேறு படம் போடுங்கள், லென்ஸ் மேல் ஒரு துணியாவது கிடக்கட்டும்.

இப்படிக்கு,
தொழில்நுட்பப் பக்கத்தைத் தவறாமல் படிக்கும் வாசகர்